ஒரே ஆய்வாளர், ஐந்து பெயர்கள்: மேற்கோள் தரவுத்தளங்களில் ஒரு பெயர்த் திருத்தம்

பின்னணி

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வாளர்களுக்கு உதவும் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வந்த ஒரு விரிவுரையாளரின் பெயர்ச் சிக்கலை இங்கே தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதிவு செய்கிறேன். அவர் அனுமதி தந்திருக்கிறார். அவருடைய பெயரோ, பல்கலைக்கழகத்தின் பெயரோ, சம்பந்தப்பட்ட ஆய்விதழ்களின் பெயரோ இதில் வராது. மலேசியத் தமிழர்களில் ஆராய்ச்சிக்கு வருகிற யாருக்கும் ஏதோ ஒரு வடிவில் இது நேரலாம். அதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அவர் இரசாயனம் சார்ந்த துறையில் மூத்த விரிவுரையாளர். இணைப்பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டுரைப் பட்டியல் நீளமானது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் அலுவலகம் அவர் பெயரைத் தேடி எடுத்த பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. வித்தியாசத்துக்கு விளக்கம் தரும்படி கடிதம் வந்தது. குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் பட்டியலில் இல்லாததை இருப்பதாகக் காட்டிவிட்டார் என்ற சந்தேகம் வரிகளுக்கு இடையில் இருந்தது. “எல்லாக் கட்டுரையும் நான் ராத்திரி பகலா லேப்ல இருந்து எழுதினது சார். இப்போ நானே அதையெல்லாம் என்னோடதுன்னு நிரூபிக்கணுமாம்” என்றார். கோபத்தைவிட அவமானமே அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

எச் குறியீடு என்ற அளவுகோலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தது அது. ஒருவரின் கட்டுரைகளில் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றிருக்கின்றனவோ, அந்த எண்தான் எச் குறியீடு. ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எட்டு இருந்தால் குறியீடு 6. அதே எட்டும் இரண்டு பெயர்களுக்கு நான்கு நான்காகப் பிரிந்துவிட்டால் ஒவ்வொரு பெயருக்கும் 4தான். உழைப்பும் மேற்கோளும் குறையவில்லை, பெயர் உடைந்ததால் எண் மட்டும் இறங்கிவிடுகிறது. பதவி உயர்வு, ஆய்வு நிதி, மேற்பார்வையாளர் தகுதி என்று பலதும் இந்த எண்ணைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும் இடத்தில் அது சின்ன விஷயமல்ல.

பெயர் எப்படி உடைந்தது

மலேசிய அடையாள அட்டையில் தமிழர்களின் பெயருக்கு மூன்று பாகம். முதலில் இயற்பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, கடைசியில் அப்பா பெயர். நடுவில் வருவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று குறிக்கும் மலாய்ச் சுருக்கம். கடப்பிதழிலும் முழுப் பெயரும் ஒரே இடத்தில்தான் வரும், குடும்பப்பெயருக்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஆகவே ஒரு மலேசியத் தமிழர் தன் குடும்பப்பெயர் எது என்று முடிவு செய்யாமலேயே பள்ளி, வங்கி, கல்யாணம் எல்லாவற்றையும் கடந்துவிட முடியும். ஆய்விதழுக்குக் கட்டுரை ஏற்றும் படிவத்தின் முன்னால் உட்காரும்போதுதான் அந்தக் கேள்வி முதல் முறையாக வருகிறது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தரவு வடிவத்திலும் ஆசிரியர் ஒருவருக்குக் குடும்பப்பெயர் கட்டாயம், இயற்பெயர் விருப்பம். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் தரும், 2012 அக்டோபரில் தொடங்கிய ஆர்க்கிட் அடையாள எண் சேவையில் இது நேர் எதிர். அங்கே இயற்பெயர் கட்டாயம், குடும்பப்பெயர் இல்லாவிட்டாலும் பதிவு செய்யலாம். நம்மைப் போன்றவர்களையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் ஐந்து வடிவங்கள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அப்பா பெயர் குடும்பப்பெயராகவும், அவர் இயற்பெயரின் முதலெழுத்து அதன் பின்னாலும் இருந்தன. நடுச் சுருக்கம் விடுபட்டிருந்தது. சிலவற்றில் ஏ/பி அப்பா பெயரோடு ஒட்டிக்கொண்டு அதுவும் குடும்பப்பெயரின் பாகமாகிவிட்டது. அகரவரிசையில் அந்தக் கட்டுரைகள் வேறெங்கோ போய் நின்றன. இன்னும் சிலவற்றில் சாய்கோடு காணாமல் போய், ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளும் அவருடைய முன்னெழுத்துகளாக மாறியிருந்தன. ஒற்றை முன்னெழுத்துக்காரர் மூன்று முன்னெழுத்து உள்ள வேறொரு மனிதராகிவிட்டார். நான்காவது வடிவத்தில் பெயர் தலைகீழ், அவருடைய இயற்பெயர் குடும்பப்பெயராகவும் அப்பா பெயர் வெறும் முன்னெழுத்தாகவும் இருந்தன. ஐந்தாவது, ஒரு மாநாட்டுத் தொகுப்பு. அதில் ஏ/பி மட்டுமே குடும்பப்பெயர். அப்பா பெயர் எங்குமே இல்லை.

இவற்றோடு எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில் ஒரு எழுத்து கூட்டியும் குறைத்தும் எழுதலாம். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பழைய கட்டுரைகளில் இன்னொரு விதமாகவும் அவர் பெயர் இருந்தது.

இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. தவறாக வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைப் படிவத்தில் ஏற்றியவர் அவரல்லர். இதழோடு கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் தொடர்பு ஆசிரியராக இருந்த மேற்பார்வையாளரோ வெளிநாட்டுக் கூட்டாளியோ எல்லாருடைய பெயரையும் தட்டச்சு செய்திருக்கிறார்கள். தங்களுக்குப் பழகிய பெயர் முறைப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டவரும் உண்டு, முதல் சொல்லை எடுத்துக்கொண்டவரும் உண்டு. அச்சுக்கு முந்தைய மெய்ப்பு வந்தபோது கட்டுரையின் தலைப்பில் பெயர் சரியாகத்தான் தெரிந்தது. உள்ளே தரவுக் குறியீட்டில் அது எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பதை மெய்ப்பு காட்டாது. பார்த்த கண்ணுக்குப் பிழை இல்லை, ஆனால் கணினி படிக்கும் கோப்பில் பிழை இருந்தது.

பெயரை இப்படி வெட்டும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. யூஜீன் கார்ஃபீல்டின் நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டபோது, குடும்பப்பெயரும் முன்னெழுத்துகளும் என்ற வடிவமே அடிப்படை. பக்கங்களில் நெருக்கி அச்சிட்ட காலத்துக்கு அது பொருந்தியது. நூலகத் துறை இதைவிட முன்னே போயிருந்தது. ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் 1978ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலேயே மலாய்ப் பெயர்களுக்கும் இந்தியப் பெயர்களுக்கும் தனித்தனி விதிகள் இருந்தன. பட்டியலாக்கம் படித்த எனக்கு, அரை நூற்றாண்டு அறிவு கட்டுரைப் படிவங்களை இன்னும் எட்டவில்லையே என்பதில் வருத்தம் உண்டு.

எந்தப் பெயர் என்ற தீர்மானம்

திருத்தம் கேட்பதற்கு முன்னால், எதை நோக்கித் திருத்துவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதற்குத்தான் நீண்ட நேரம் பேசினோம்.

முதல் வழி, அப்பா பெயரைக் குடும்பப்பெயராக வைத்துக்கொள்வது. இரண்டாவது, இயற்பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு அப்பா பெயரை முன்னெழுத்தாக்குவது. அப்படிச் செய்தால் மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது அவருடைய சொந்தப் பெயர் வரும். தமிழ்நாட்டு வழக்கத்துக்கும் இது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. மூன்றாவது, இரண்டையும் சிறுகோடு போட்டு இணைத்துப் புதுக் குடும்பப்பெயர் உண்டாக்குவது.

என் சொந்த விருப்பம் இரண்டாவது வழி. ஒருவர் செய்த ஆராய்ச்சி அவர் பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். அவரிடமும் அதைச் சொன்னேன். அவர் வேறு விதமாக நினைத்தார். “அப்பா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சவரு சார். அவர் பேரு பேப்பர்ல வர்றதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஏ/பியை மட்டும் யாரும் என் குடும்பப்பேருன்னு சொல்லக்கூடாது, அது போதும்.”

நடைமுறைக் காரணமும் அவர் பக்கமே இருந்தது. அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் ஏற்கெனவே அப்பா பெயர்தான் குடும்பப்பெயர். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால் சரியாக இருப்பவற்றையும் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். அச்சில் ஒரு பெயரும் தரவில் வேறு பெயருமாக நிற்கும் நிலையை நாமே உண்டாக்கியதாகிவிடும். சிறுகோட்டு வழியில் எந்தப் பழைய கட்டுரையோடும் ஒத்துப்போகாத ஆறாவது வடிவம் பிறக்கும். ஆகவே அப்பா பெயர் குடும்பப்பெயர், இயற்பெயர் முழுதாக, நடுச் சுருக்கம் எந்தக் கட்டத்திலும் வேண்டாம், எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் உள்ளபடி என்று தீர்மானமானது. பழைய வடிவங்கள் எல்லாம் ஆர்க்கிட் பதிவில் மற்றப் பெயர்களாகச் சேர்க்கப்பட்டன. தேடுபவர் எந்த வடிவத்தோடு வந்தாலும் ஒரே எண்ணுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக.

எங்கிருந்து தொடங்குவது

பதவி உயர்வுக் குழு கூடும் நாள் நெருங்கியிருந்தது. அவருக்கு இயல்பாகத் தோன்றியது, தரவுத்தளத்தில் உள்ள சுயவிவரங்களை உடனே ஒன்றாக்கிவிடலாம் என்பது. அந்த வசதி உண்டு. ஸ்கோபஸில் ஆசிரியரே இலவசமாகக் கோரிக்கை வைக்கலாம். பல சுயவிவரங்களை ஒன்றிணைக்கவும், தன்னுடையதல்லாத கட்டுரைகளை நீக்கவும் கேட்கலாம். வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்திலும் தன் பதிவை உரிமைகோரவும், தரவுப் பிழையைத் தெரிவிக்கவும் தனித்தனிப் படிவங்கள் உண்டு.

ஆனால் சுயவிவரத்தை இணைப்பது வேறு, கட்டுரைப் பதிவில் உள்ள பெயரைத் திருத்துவது வேறு. இணைத்தால் கட்டுரைகள் ஒரே எண்ணின் கீழ் வரும், எச் குறியீடு சரியாகும். ஒவ்வொரு கட்டுரையிலும் தவறான பெயர் அப்படியே இருக்கும். அதை யாராவது ஸோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற மேற்கோள் பட்டியல் மென்பொருள்களில் இறக்கினால் தவறான பெயர்தான் அவர்களுடைய மேற்கோள் பட்டியலுக்குப் போகும். அங்கிருந்து அடுத்த கட்டுரைக்கும் பரவும். மாடித் தொட்டியில் அழுக்கு இருக்கும்போது குழாய் குழாயாகத் துடைப்பதில் பயனில்லை.

தரவுத்தளங்களின் விதியும் இதையே சொல்கிறது. வெளியான கட்டுரையில் ஒரு விதமும் தரவுத்தளத்தில் வேறு விதமும் இருந்தால் அவர்கள் திருத்துவார்கள். வெளியான கட்டுரையிலேயே தவறு என்றால் முதலில் பதிப்பகம் திருத்தட்டும் என்பார்கள். இது நியாயமான நிலைப்பாடுதான். கேட்பவர் சொல்வதையெல்லாம் நம்பி மாற்றும் தரவுத்தளத்தை யாரும் நம்ப முடியாது.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதென்று முடிவெடுத்தோம். குழுவுக்காகச் சுயவிவர இணைப்பு. நிரந்தரத் தீர்வுக்காகப் பதிப்பகங்களுக்குக் கடிதம். இணைப்பு நேரத்துக்கு முடியாமல் போனால் காட்டுவதற்கு, நூலகம் சரிபார்த்த பட்டியல் ஒன்று.

பதிப்பகங்களுக்கு எழுதுவதற்கு முன் கட்டுரைகளை இரண்டு அடுக்காகப் பிரித்தோம். முதல் அடுக்கில், அச்சுப் பக்கத்தில் பெயர் சரியாக இருந்து தரவுக் கோப்பில் மட்டும் தவறாக வெட்டப்பட்டவை. இரண்டாவது அடுக்கில், அச்சுப் பக்கத்திலேயே பெயர் தவறானவை. ஒவ்வொரு டிஓஐ எண்ணுக்கும் கிராஸ்ரெஃப்பின் பொதுத் தரவைத் திறந்து, இயற்பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது, குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். இது யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது, சந்தா எதுவும் வேண்டாம். பிழை பதிப்பகம் அனுப்பிய தரவிலேயே இருக்கிறதா, பிறகு வேறெங்காவது நுழைந்ததா என்பது அங்கே பார்த்தாலே தெரிந்துவிடும். அவருடைய கட்டுரைகளில் பெரும்பாலும் பதிப்பகத் தரவிலேயே இருந்தது. தரவுத்தளங்கள் தங்களுக்கு வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தன.

இந்தப் பிரிப்பால் வேலை பாதியாகக் குறைந்தது. முதல் அடுக்கில் கட்டுரையை யாரும் தொட வேண்டியதில்லை. பதிப்பகம் சரியான தரவை கிராஸ்ரெஃப்புக்கு மறுபடி அனுப்பினால் போதும், அதற்குக் கட்டணமும் இல்லை. திருத்த அறிவிப்பு, இணையாசிரியர்களின் கையெழுத்து எதுவும் தேவைப்படாத வேலை அது. கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதினோம்: நாங்கள் கேட்பது பெயர் மாற்றம் அல்ல, நீங்களே அச்சிட்ட பெயருக்கு உங்கள் தரவைப் பொருத்துங்கள் என்று மட்டும் கேட்கிறோம். கட்டுரையின் முதல் பக்கத்தையும் தரவில் உள்ள வடிவத்தையும் அருகருகே வைத்து அனுப்பினோம்.

பதிப்பகங்களின் பதில்கள்

முதல் அடுக்கில் பெரும்பாலான பதிப்பகங்கள் சிக்கலின்றிச் செய்து கொடுத்தன. கடிதம் பொது மின்னஞ்சல் முகவரிக்குப் போனபோது பதில் வரவில்லை. அந்த இதழின் தயாரிப்புப் பிரிவுக்குப் போனபோது வந்தது. ஆசிரியர் குழுவுக்கு எழுதினால் அவர்கள் அதை ஆய்வு நேர்மை சம்பந்தப்பட்ட விவகாரமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தயாரிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது ஒரு கோப்புத் திருத்தம்.

ஒரு பதிப்பகம் மட்டும் எல்லா இணையாசிரியர்களின் ஒப்புதலையும் கேட்டது. ஆசிரியர் ஒருவரைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் பொருந்தும் விதியை அங்கே வேலை செய்தவர் இதற்கும் பொருத்திவிட்டார். இணையாசிரியர்களில் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், மின்னஞ்சல் எதுவும் செல்லவில்லை. இதற்கு அந்தப் பதிப்பகத்தின் சொந்தக் கொள்கையே உதவியது. 2020, 2021 ஆண்டுவாக்கில் பல பெரிய பதிப்பகங்கள் ஆசிரியர் பெயர் மாற்றக் கொள்கைகளை வெளியிட்டன. பெயரை மாற்றிக்கொண்டவர்கள், முக்கியமாகத் திருநர் ஆய்வாளர்கள், பழைய கட்டுரைகளிலும் புதுப் பெயரைக் கேட்டுப் போராடியதன் பலன் அது. இணையாசிரியர் ஒப்புதலோ பொது அறிவிப்போ இல்லாமலே பெயரைத் திருத்தலாம் என்று அந்தக் கொள்கைகள் அனுமதிக்கின்றன. பெயரையே மாற்றுவதற்கு ஒப்புதல் வேண்டாம் என்றால், மாறாத பெயரைச் சரியாக வெட்டுவதற்கு எதற்கு என்று கேட்டோம். ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பட்ட பாட்டின் மேல்தான் நம்முடைய காரியம் நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது அடுக்கில் ஒரு கட்டுரைக்கு, அச்சுப் பக்கத்திலேயே பெயர் தலைகீழாக இருந்ததால், திருத்த அறிவிப்பு வெளியிட்டால்தான் மாற்றுவோம் என்றது இதழ். அவர் தயங்கினார். அறிவிப்பைப் பார்க்கிறவர்கள் ஆராய்ச்சியிலேயே தவறு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அறிவிப்புக்குத் தனி டிஓஐ எண் உண்டு, மூலக் கட்டுரையோடு அது இணைக்கப்படும், எந்தத் தரவுத்தளத்திடமும் நிரந்தரச் சான்றாகக் காட்டலாம். அறிவிப்பின் முதல் வாக்கியத்திலேயே, ஆசிரியர் பெயரின் வரிசை மட்டுமே திருத்தப்படுகிறது, முடிவுகளிலும் தரவுகளிலும் மாற்றமில்லை என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம் என்றோம். இதழ் சம்மதித்தது, அவரும் சம்மதித்தார்.

மூலத்தில் திருத்தம் ஆன பிறகும் ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தாமாக மாறிவிடவில்லை. ஒருமுறை ஏற்றிய பதிவை அவை அடிக்கடி திரும்பிப் பார்ப்பதில்லை. திருத்தப்பட்ட பக்கத்தின் முகவரியைக் கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. மூலம் சரியாகிவிட்டதால் மறுபேச்சுக்கு இடமிருக்கவில்லை. கூகுள் ஸ்காலரில் அவர் தன் சுயவிவரத்தில் எதையும் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அது அவருடைய பக்கத்தில் மட்டும்தான் தெரியும். பொதுத் தேடலில் வரும் பதிவு பதிப்பகப் பக்கத்தைப் பார்த்து எடுக்கப்படுவது, அங்கே மாறிய பிறகே இங்கும் மாறும்.

அவருடையதல்லாத கட்டுரைகள்

இணைப்பு வேலையின் நடுவே எதிர்பாராத ஒன்று தென்பட்டது. அவருடைய சுயவிவரங்களில் ஒன்றில், இந்தியாவில் உள்ள இன்னொரு ஆய்வாளரின் கட்டுரைகளும் கலந்திருந்தன. அதே குடும்பப்பெயர், அதே முன்னெழுத்து, பக்கத்துத் துறை. நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரே சில தெய்வப் பெயர்களை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பெயரிடுகிறோம். முன்னெழுத்தாகச் சுருக்கினால் ஆயிரம் பேர் ஒன்றாகிவிடுவார்கள்.

அந்தக் கட்டுரைகளில் ஒன்று நிறைய மேற்கோள் பெற்றது. அதை நீக்கினால் அவர் கணக்கில் உள்ள எண்ணிக்கை குறையும், அதுவும் குழு கூடுவதற்கு முன்னால். துறைத் தோழர் ஒருவர், அதை நாமாகச் சேர்க்கவில்லையே, குழு முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்கு யோசனை சொன்னார். அவர் அதைக் கேட்கவில்லை. தன் கட்டுரைகள் காணாமல் போனபோது தனக்கு எப்படி இருந்ததோ, அப்படித்தானே அந்த ஆளுக்கும் இருக்கும் என்றார். இணைப்புக் கோரிக்கையோடு நீக்கக் கோரிக்கையும் ஒரே நாளில் போனது. அந்த ஆய்வாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தன் கட்டுரைகள் இன்னொருவர் பக்கத்தில் இருப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்று பதில் வந்தது.

இந்த வேலையில் இதைத்தான் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கும் கோரிக்கைக்கு நம்பகத்தன்மை வந்தது, தனக்குச் சேராததைத் திருப்பிக் கொடுத்த கோரிக்கையும் அதோடு போனதால்தான்.

குழுவின் முன்

குழு கூடியபோது சுயவிவர இணைப்பு முடிந்திருந்தது, மூலத் திருத்தங்கள் பாதியில் இருந்தன. அவருடைய விளக்கத்தோடு நூலகத்தின் பட்டியலும் போனது. ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ எண், அச்சில் உள்ள பெயர், தரவில் உள்ள பெயர், அவர் பணியாற்றிய துறையின் பெயர் வரும் முதல் பக்கத்தின் நகல், திருத்தக் கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. நீக்கச் சொன்ன கட்டுரைகளும் அதில் தனியாகக் காட்டப்பட்டிருந்தன.

குழு தரவுத்தளப் பக்கத்துக்குப் பதிலாக அந்தப் பட்டியலையே கணக்கில் எடுத்துக்கொண்டது. பதவி உயர்வு கிடைத்தது. குழுவில் இருந்த ஒரு மலாய்ப் பேராசிரியர், தன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், இன்னாரின் மகன் என்று குறிக்க வரும் ‘பின்’ என்ற மலாய்ச் சொல் இதே மாதிரி குடும்பப்பெயராகிப் பட்ட தொல்லையைச் சொன்னாராம். நம் நாட்டில் இது தமிழர்களுக்கு மட்டுமான தலைவலி அல்ல. ‘பின்’, அல்லது மகள் என்று குறிக்கும் ‘பிந்தி’ வரும் மலாய்ப் பெயர்களும், குடும்பப்பெயரை முதலில் எழுதும் சீனப் பெயர்களும் இதே கட்டங்களில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இப்போது மாற்றியிருப்பவை

முனைவர் பட்டத்துக்குப் பதிபவர்களுடன் முதல் பருவத்திலேயே பெயரைப் பற்றிப் பேசிவிடுகிறோம். முதல் கட்டுரை வெளிவந்த பிறகு பேசுவது தாமதம். அவரவர் தீர்மானிக்க வேண்டும் என்பதால் எந்த வடிவத்தையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அண்மையில் வந்த ஒரு தம்பி இயற்பெயரையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடத் தீர்மானித்தார், அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால். அதுவும் சரி. ஒரே வடிவம் எல்லா இடத்திலும் வருகிறதா என்பதுதான் எங்கள் கவலை.

தீர்மானித்த அன்றே ஆர்க்கிட் எண் எடுக்கச் சொல்கிறோம். பதினாறு இலக்கம், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது. கட்டுரை ஏற்றும்போது அந்த எண்ணைக் கொடுத்து, கிராஸ்ரெஃப்புக்கு ஒருமுறை அனுமதியும் அளித்துவிட்டால், பதிப்பகம் அந்த எண்ணோடு பதியும் கட்டுரைகள் தாமாகவே ஆர்க்கிட் பதிவில் வந்து சேரும்.

அதோடு ஒவ்வொருவரும் இணையாசிரியர்களுக்கு அனுப்பச் சிறு குறிப்பு ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். இயற்பெயர்க் கட்டத்தில் இதைப் போடுங்கள், குடும்பப்பெயர்க் கட்டத்தில் இதைப் போடுங்கள், ஏ/எல் அல்லது ஏ/பி எதிலும் வேண்டாம், ஆர்க்கிட் எண் இது. கட்டுரை ஏற்றப்படும் முன் வாட்ஸ்அப்பில் போகிறது. படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் வேறொருவர் என்பதால் எல்லா ஏற்பாடுகளிலும் இதுதான் அதிகம் பலன் தருகிறது. லாடெக்ஸ் என்ற கட்டுரை வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறோம். காற்புள்ளி இல்லாத பெயரில், அதனோடு மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் பிப்டெக் கடைசிச் சொல்லையே குடும்பப்பெயராக எடுக்கும், ஆகவே குடும்பப்பெயர், காற்புள்ளி, இயற்பெயர் என்றே எழுதுங்கள்.

மெய்ப்பு வரும்போது, குடும்பப்பெயராக எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று தயாரிப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்கச் சொல்கிறோம். வெளியானதும் கிராஸ்ரெஃப் தரவை ஒருமுறை திறந்து பார்ப்பதும் அதில் சேர்த்தி. அந்த நிலையில் திருத்துவது எளிது, ஆண்டுகள் கழித்து அல்ல.

பதவி உயர்வு அலுவலகமும் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. விண்ணப்பத்தில் ஆர்க்கிட் எண் கேட்கிறார்கள். பட்டியலுக்கும் தரவுத்தளத்துக்கும் வித்தியாசம் வந்தால் விளக்கக் கடிதம் அனுப்புவதற்கு முன் நூலகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கிறார்கள்.

தீராமல் நிற்பவை

ஏ/பி மட்டுமே குடும்பப்பெயராக வந்த அந்த மாநாட்டுத் தொகுப்பை வெளியிட்ட அமைப்பு இப்போது இயங்கவில்லை. அதன் இணையதளம் போய்விட்டது, மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. கட்டுரையின் அச்சுப் பக்கத்திலேயே பெயர் தவறு என்பதால் தரவுத்தளமும் தன் விதிப்படி மாற்ற முடியாது என்றது. சுயவிவரத்தில் அது அவர் கட்டுரைகளோடு சேர்ந்துவிட்டது. கட்டுரையின் பெயர் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆர்க்கிட் பதிவில் அவர் அதைக் கைப்படச் சேர்த்திருக்கிறார்.

மற்றவர்களின் கட்டுரைகளில், மேற்கோள் பட்டியலில் தவறாக வந்த பெயர்களையும் திருத்த வழியில்லை. அவை அந்தந்தக் கட்டுரையின் பாகம். டிஓஐ எண் சேர்ந்திருந்தால் பெயர் தவறானாலும் மேற்கோள் சரியான கட்டுரைக்கே வந்து சேர்கிறது. எண் இல்லாத பழைய மேற்கோள்களில் சில இன்னும் எதோடும் இணையாமல் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, விடுபட்ட மேற்கோள் என்று தரவுத்தளங்களுக்குத் தெரிவிக்கும் வேலையை நேரம் கிடைக்கும்போது தொடர்ந்து செய்துவருகிறோம்.